கப்பல் மெத்தை

ஹுமாயூன் ஊருக்கு வந்து முப்பத்துமூன்று நாளாகியிருந்தது. சைத்தூன் பீவி இதிலெல்லாம் தப்பாகச் சொல்லமாட்டாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் புருஷன் ஆறு தடவை ஊருக்கு வந்திருக்கிறான். முந்தைய ஐந்து தடவையும் முப்பது நாள் முடிவதற்குள் கப்பல் ஆபீஸ் காகிதம் வந்து நின்றுவிடும். நீளமான பழுப்புக் கவர், மூலையில் நங்கூரப் படம். அதைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. இந்தத் தடவை கவரைக் காணோம். சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் மனுஷன் வீட்டில் இருந்த இருப்பைப் பார்த்தால் எங்கே சந்தோஷப்பட?

விடிந்தால் தபாலாபீஸ். அங்கே ஒன்றும் இல்லை என்றதும் ரயில் ஸ்டேஷன். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு. மறுபடி வீடு. சட்டையைக் கழற்றுவான், மாட்டுவான். சோற்றில் கையை வைத்துவிட்டு எழுந்து போய்த் தெருவை எட்டிப் பார்ப்பான். பாயை விரித்தால் இந்தப் பக்கம் ஒரு புரளல், அந்தப் பக்கம் ஒரு புரளல். கேட்டால், "பாய் முதுகுல குத்துது" என்பான்.

குத்தாமல் என்ன செய்யும்? மதராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருகிற கப்பலில், முதல் வகுப்பு அறைகளுக்குப் படுக்கை விரிக்கிற வேலை அவனுக்கு. ஒரு நாளைக்கு முப்பது கட்டில். அந்தக் கட்டில்களின் சுகத்தைக் கோவில்பட்டியில் கேட்காத காது கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்தான் என்றால் கூட்டம் கூடிவிடும். ஸ்பிரிங் வைத்த கட்டிலாம். உட்கார்ந்தால் இறங்குமாம், எழுந்தால் தானாக மேலே வருமாம். தலையணைக்குள் வாத்து இறகாம். கப்பல் ஆடும்போது உருண்டு விழாமலிருக்க ஓரத்தில் பலகையாம். விரிப்பைச் செருகிய செருகலில் காசைச் சுண்டினால் துள்ளிக் கைக்கு வருமாம். கரிசல் காட்டில் வெடிப்புக்குள் காலை விட்டுச் சுளுக்கிக்கொண்டு வந்தவனெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான்.

சைத்தூன் பதினோரு வருஷமாக அதைக் கேட்டு அலுத்திருந்தாள். அலுப்பா? பொறாமை என்றே சொல்லலாம், அவளுக்கு என்ன பயம். சக்களத்தி ஒருத்தி இருந்தால் கொண்டையைப் பிடித்து இழுத்து இரண்டு கேள்வி கேட்கலாம். மெத்தையை என்ன செய்ய?

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அண்ணன் பிச்சை முகம்மது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகைச் சைக்கிள் கடை போட இடம் பிடித்திருந்தார்.

"ஏட்டி, கூட ஒரு ஆளு வேணும். மச்சான் இருக்காவளான்னு கேளு. இருந்தாவன்னா பாதிக்குப் பாதி. கப்பலுக்குத்தான் போவேன்னாவன்னா நான் வேற ஆளப் பாக்கணும். மாசக் கடைசிக்குள்ள சொல்லு" என்றார்.

அவள் புருஷனிடம் கேட்டாளா என்றால், கேட்கவில்லை. போகாதீர்கள் என்று வாய் திறந்து சொன்னாளா என்றால், அதுவும் இல்லை. அவள் மெத்தை செய்யப் போனாள். மெத்தைச் சுகம்தானே மனுஷனை இழுக்கிறது, அதை வீட்டிலேயே போட்டுவிட்டால் எதற்குக் கடல் தாண்டிப் போவான் என்பது அவள் எண்ணம். பருத்திச் சீமையில் பிறந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

சீனாச் சண்டைக்கு மறுவருஷத்துப் பங்குனி அது. காடெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுக்கப் போகிற பெண்களுக்குக் கூலியாகப் பருத்தியையே பங்கு போட்டுக் கொடுப்பார்கள். அவர்கள் அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து கடையில் போட்டு வேண்டியதை வாங்கிப் போவார்கள். சைத்தூன் மூன்று நாள் அடுப்பை விட்டு நகராமல் காராச்சேவு போட்டாள். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் தினமும் இடைசெவல் காட்டுக்குப் பருத்தி எடுக்கப் போய்வருகிறவள். அவள் தன்னோடு வேலை பார்க்கிறவர்களைச் சாயங்காலம் வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டாள். இவள் படி சேவு போட, அவர்கள் மடிப் பருத்தியைக் கொட்டினார்கள்.

"சைத்தூனு, பருத்தி மெத்தை இந்த வெயிலுக்குச் சூடு பிடுங்கிரும். இலவம்பஞ்சு வாங்குனா என்ன?" என்றாள் ஆவுடைத்தாய்.

"கப்பல்ல எல்லாம் இலவமரமா காய்க்குது? நீ கொட்டைய எடு" என்றாள் சைத்தூன்.

இருவருமாக விரல் நகம் நோகக் கொட்டை எடுத்தார்கள். பஞ்சடிக்கிற ஆள் வில்லோடு வந்து ஒரு பகல் முழுக்க அடித்துக் கொடுத்தான். கோடு போட்ட கெட்டித் துணியில் திணித்து அவளே தைத்தாள். நாற்பத்திரண்டாம் நாள் மத்தியானம் மரக்கட்டிலில் மெத்தையைப் போட்டு, பெட்டியிலிருந்த கல்யாண விரிப்பை எடுத்து விரித்துவிட்டு, தெருவில் அலைந்துவிட்டு வந்த புருஷனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

ஹுமாயூன் மெத்தையைப் பார்த்தான். முகத்தில் ஒரு இளக்கமும் இல்லை. குனிந்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினான்.

"இங்கன ஒரு கொட்டை கெடக்கு" என்றான்.

பிறகு அவன் கை தன்பாட்டுக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. விரிப்பை உதறினான். நாலு மூலையையும் முக்கோணமாக மடித்து இழுத்துச் செருகினான். தலையணையை இரண்டு தட்டுத் தட்டி, உறையின் வாய்ப்பக்கம் வாசலைப் பார்க்காதபடி திருப்பி வைத்தான். எல்லாம் முடிந்ததும் கால்மாட்டில் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். யாரோ வரப்போகிறார்கள் என்பது போல.

"படுங்க" என்றாள் சைத்தூன்.

"பொறவு படுக்கேன்."

படுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயைப் போட்டுப் புரண்டான். விடிந்ததும் யாரும் படுக்காத மெத்தையின் விரிப்பை உருவி உதறி மறுபடி செருகினான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகக்கண் எல்லாம் வீங்கி, கை சுட்டுச் செய்ததற்கு இதுவா மரியாதை?

அன்று வெள்ளிக்கிழமை. ஹுமாயூன் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், வழக்கமாக வருகிற சிவனாண்டிக்குப் பதிலாக, ஹுமாயூனை முகம் தெரியாத புதுத் தபால்காரன் ஒருவன் வந்து கதவைத் தட்டினான். பழுப்புக் கவர். மூலையில் நங்கூரம். சைத்தூன் வாங்கினாள். உள்ளே போனாள். சோளப் பானைக்குள் கவரைத் திணித்து மூடினாள். யோசித்துச் செய்தாளா என்றால் இல்லை, கை செய்துவிட்டது. செய்த பிறகு மூடியின் மேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தாள். அதற்கு மட்டும் யோசித்தாள்.

ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அவன் தபாலாபீஸுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினான். கன்னம் ஒட்டிப் போயிற்று. அவளுக்கும் சோறு இறங்கவில்லை. பானைப் பக்கம் அவன் போனால் இவளும் பின்னாலேயே போவாள். அன்றாடம் சோளம் எடுக்காமல் ஆவுடைத்தாய் வீட்டில் அரிசி கடன் வாங்கிப் பொங்கினாள். கொடுத்துவிடுவோமா என்று காலையில் தோன்றும். கொடுத்தால் இரண்டு வருஷம் போய்விடுமே என்று மத்தியானம் தோன்றும்.

நாற்பத்தெட்டாம் நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அவன் தரையில் பாயை விரித்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பக்கத்துல மெத்தை கெடக்கு, தரையில உருளுதீங்க. வாத்து எறகுல படுத்த முதுகு, நான் போட்ட பஞ்சுல படுக்குமா?" என்றாள்.

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"நான் எங்கட்டி படுத்தேன் அதுல?"

"ஊரெல்லாம் சொல்லுதீங்களே."

"மெத்தை எப்படி இருக்கும்னு சொன்னேன். படுத்தேன்னு எவன்கிட்டயாவது சொன்னேனா? எனக்குக் கீழ, எஞ்சினுக்குப் பக்கத்துல எடம். மூணு அடுக்கு இரும்புப் பலகை. நடு அடுக்கு எனக்கு. தலைய நிமித்துனா மேல படுத்திருக்கவன் முதுகுல இடிக்கும்."

பதினோரு வருஷமாக, நீ அதில் படுத்தாயா என்று யாருமே அவனிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் சைத்தூனுக்கு உறைத்தது.

"ஒரே ஒரு தடவ படுத்தேன்" என்றான். "இந்தத் தடவதான். பினாங்குல கப்பல் நின்னுது. ஒரு அறையில இருந்த வெள்ளைக்காரரும் அவரு சம்சாரமும் ஊர் பாக்கப் போயிட்டாவ. நான் காலைல நாலு மணில இருந்து நிக்கேன். இத்தன வருஷமா விரிக்கமே, எப்படித்தான் இருக்குன்னு பாப்பமேன்னு முதுகச் சாச்சேன். தூங்கிட்டேன், சைத்தூன். அந்தம்மா வந்து கதவத் தொறந்துட்டா."

"ஏசுனாளா?"

"ஏசியிருந்தாத் தேவல. மெத்தையத் தூக்கிக் கடல்ல போடச் சொன்னா. விரிப்ப இல்ல. மெத்தைய."

"போட்டாங்களா?"

"போட்டாங்க. ஒரு பக்கத்த நான்தான் பிடிச்சேன்."

அவளுக்கு, யாரென்றே தெரியாத அந்தப் பொம்பளையை வாய்க்கு வந்தபடி வைய வேண்டும் போல இருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னான். மதராஸ் ஆபீஸில் விசாரித்தார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தான். ஒன்றரை மாதத்துக்குள் காகிதம் வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"இன்னைக்கு நாப்பத்தெட்டு நாளாச்சு. அவ்வளவுதான். என்னத் தொலைச்சுத் தலை முழுகிட்டாவ. மச்சான்கிட்டச் சொல்லிரு, நாளையில இருந்து கடைக்கு வாரேன்னு" என்றான். பிறகு, "ஒன் மெத்தையில ஒரு குத்தமும் இல்ல. விரிச்ச மெத்தையப் பாத்தாலே எவளோ கதவத் தொறக்கப்போறாங்குற மாதிரி இருக்கு" என்றான்.

கேட்டீர்களா கதையை? அவள் எதற்காகக் காராச்சேவு சுட்டாளோ, கொட்டை எடுத்தாளோ, கவரை ஒளித்தாளோ, அது தன் காலால் நடந்து மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மனுஷன் இனிமேல் எங்கேயும் போகமாட்டான். ஆனால் ஆயுசு பூராவும், திருடனைப் போல விரட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளுக்குக் காற்றடிப்பான். அதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எழுந்து போய்க் குழவியை இறக்கிவைத்து, பானைக்குள் கையை விட்டு, கவரைச் சோளத் தூசியோடு கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"எப்ப வந்துச்சு?"

"வெள்ளிக்கிழம."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அஞ்சு நாளா என்ன ரோட்ல அலைய விட்டியேட்டி" என்றான். கவரைக் கிழித்து உதடு அசைய வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

"மன்னிச்சுட்டாவளாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆபீஸ்ல நிக்கணுமாம். இன்னைக்கு அஞ்சு மணி வண்டியப் பிடிச்சாத்தான் முடியும்."

சைத்தூன் தகரப் பெட்டியை இழுத்து அவன் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு மடித்தாள். அவன் காகிதத்தைக் கையில் வைத்தபடியே, தான் எங்கே உட்காருகிறோம் என்றுகூடப் பாராமல் மெத்தையில் உட்கார்ந்தான்.

"கண்ணச் சொக்குது. நாலு மணிக்கு எழுப்பி விடு" என்று சாய்ந்தவன், அடுத்த மூச்சில் தூங்கிவிட்டான்.

நாற்பத்தெட்டு நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினான். விரிப்பு கசங்கிச் சுருண்டது. வெளியே காற்று கரிசல் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். மூன்றரை ஆயிற்று. எழுப்பாவிட்டால் என்ன? அசந்துவிட்டேன் என்று சொன்னால் போயிற்று. அடுக்களைக்குள் போனாள், வந்தாள். பெட்டியைத் திறந்தாள், மூடினாள். ஏற்கெனவே ஒரு தடவை ஒளித்தாயிற்று, இன்னொரு தடவை மனசு வரவில்லை. நாலு மணி அடித்ததும் அவன் தோளைத் தொட்டாள்.

"எந்திரிங்க."

ஹுமாயூன் துள்ளி எழுந்து தரையில் நின்றான். கண் முழுசாகத் திறக்கவில்லை. குனிந்து இரண்டு கையாலும் விரிப்பைப் பரபரவென்று நீவினான்.

"சாரி மேடம், சாரி மேடம்" என்றான்.

சைத்தூன் நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். சுவரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. விரிப்பிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"சைத்தூன், நான் போகணுமா?" என்று கேட்டான்.

"போகாதீங்க" என்றாள் அவள். "எனக்குப் பிடிக்கல. நீங்க போற ஒவ்வொரு தடவையும் எனக்குப் பிடிக்கல. இங்கன இருங்க."

"பதினோரு வருஷமா இத ஏன் சொல்லல?"

"நீங்க எப்பக் கேட்டீங்க?"

அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அஞ்சு மணி வண்டி ஊதிக்கொண்டு போனபோது அவன் மெத்தையிலேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்கினானா இல்லையா என்று அவள் கேட்கவில்லை.