வெட்டிய குழி

நேற்று இறந்துபோன கணவர் எபினேசர், மார்மன் என்னும் அமெரிக்கச் சபைக்குப் போய் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தவர். அவரைப் பழைய சபையின் உத்திரமேரூர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க விடுவார்களா என்று சோபியா கலங்கி நின்றாள்.

"தனியா ஒரு வேதபுத்தகம் வெச்சிக்கினு, டீ கூட பாவம்னு குடிக்காதவன் இன்னா கிறிஸ்தவன்?" என்றார் சபை மூப்பர் புருஷோத்தமன்.

"ஏசுவத்தானே அவரும் கும்பிட்டாரு, மாமா?"

அப்போது குழிவெட்டும் எல்லப்பன் மண் கையோடு வந்தான். சாவு மணி அடித்ததுமே வழக்கம்போல் தோண்டிவிட்டானாம்.

"எபினேசரோட அம்மா பக்கத்துலயே வெட்டிட்டேன். வெட்டுன குழிய சும்மா மூடக்கூடாது. மூப்பரே, நீங்க படுத்துக்கிறீங்களா?"

பக்கத்தில் நின்ற சபைப் போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேதாகமத்தை எடுத்தார். "அது கிறிஸ்தவமா இல்லையான்னு பொறவு பேசிக்கலாம். தூக்குங்க."

நேற்றிலிருந்து அழாமல் இருந்த சோபியாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.