வடக்குப் பக்கத்துக் கதவு

பாதிரியார்கள் குடியிருந்த பழைய குருமனையை வாங்கிய நாளிலிருந்தே ஹெஸ்டருக்கு அந்த வடக்குப் பக்க நடைவழியைக் கண்டால் எரிச்சல். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவள் தொழில். ஓரடி இடம் வீணானாலும் பொறுக்காது. முகப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிவப்புச் செங்கல், வெள்ளைத் தூண்கள் தாங்கிய வாசல், இரு பக்கமும் பிசகாத வரிசையில் உயர்ந்த ஜன்னல்கள். ஆனால் வடக்கே, புதருக்குப் பின்னால், குனிந்து நுழைய வேண்டிய இன்னொரு கதவு. உள்ளே ஒரு குறுகிய நடைவழி. அது பாதிரியாரின் பழைய படிப்பறைக்கு மட்டும்தான் போகும். படிப்பறைக்கும் வீட்டுக்கும் நடுவே பச்சைக் கம்பளி போர்த்திய தடித்த கதவு வேறு.

"ஒரு ரூமுக்கு எதுக்கு இத்தனை கதவு? இதை எடுத்துட்டா சமையலறை தோட்டம் வரைக்கும் வந்துடும்" என்றாள்.

"நீ கோடு போடு, நான் இடிக்கிறேன்" என்றான் கணவன் டங்கன். பழங்கட்டடம் என்பதால் அனுமதிக்கு அலைந்தார்கள், கடைசியில் கிடைத்துவிட்டது.

மழை விடாத ஒரு நவம்பர் மதியம், அந்தக் கதவை யாரோ தட்டினார்கள். ஈரத்தில் உப்பியிருந்த கதவை இழுத்துத் திறந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரர் வில்ஃப் ஆட்காக். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அவளைத் தாண்டி நேரே படிப்பறைக்குப் போய்க் கணப்பருகே உட்கார்ந்தார். அப்புறம்தான் சுற்றிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. கால் தானா வந்துடுச்சு. இங்க பாதிரியார் இல்லைன்னு தெரியும். இப்ப அஞ்சு ஊருக்கு ஒருத்தர், போன் பண்ணா மெஷின்தான் பேசுது."

"என்ன ஆச்சு வில்ஃப்?"

"மேவிஸ் போயிட்டா. காலைல."

ஹெஸ்டர் எதிரே உட்கார்ந்தாள். மேவிஸ் அவர் மனைவி. அவர் அழுதார், அழுது முடித்துத்தான் விஷயத்துக்கு வந்தார். தன்னைக் கட்டுவதற்கு முன் மேவிஸ், லென் என்பவனைக் கட்டியிருந்தாள். கல்யாணமான அதே கோடையில் அவன் ஆற்றில் மூழ்கிப் போய்விட்டான். நேற்று அவள் வில்ஃபின் கையைப் பிடித்து, தன்னை லென் பக்கத்தில் புதைக்கச் சொன்னாளாம்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"எனக்கு மட்டும்தான். நான் வாயத் திறக்கலைன்னா முடிஞ்சுது. ஆயுசு பூரா என்கூட இருந்துட்டு, கடைசில அவன்கிட்ட போறாளாம்."

ஹெஸ்டர் புத்தி சொல்லப் போகவில்லை. "லென் எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்டாள்.

வில்ஃப் கையிலிருந்த தொப்பியைத் திருப்பினார். "என் சிநேகிதன்மா. தங்கமானவன். அதுதான் எனக்குத் தாங்கல. கெட்டவனா இருந்தா திட்டிட்டாவது போயிருப்பேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார், அழுகைக்கு நடுவே.

அந்நேரம் கம்பளிக் கதவுக்கு அப்பால் டங்கன் எந்திரத்தால் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் மெல்லிய முணுமுணுப்புதான் கேட்டது. பாதிரியார் வீட்டுச் சமையல்காரி, பிள்ளைகள், பெரிய வாசல் எதையும் தாண்டாமல், அழுத முகத்தோடு ஒருவர் வந்து போகத்தான் இப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று அவளுக்கு உறைத்தது. எத்தனை முறை அளந்தும் அது கண்ணில் படவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அன்று மாலை வரைபடத்தை மாற்றினாள்.

"அப்போ சமையலறை?" என்றான் டங்கன்.

"தெற்கால."

"ஒருத்தர் வந்து அழுததுக்கா? இனி ஊர்ல எல்லாருக்கும் பாவமன்னிப்பு குடுக்கப் போறியா?"

"யாரும் வராமலே போகலாம். அந்தக் கதவு இருக்கட்டும்."

அவன் ஒரு வாரம் முணுமுணுத்தான். சமையலறை சின்னதாகவே அமைந்தது. அந்தக் கதவை அதன்பின் யாரும் தட்டவுமில்லை.

மேவிஸை லென் பக்கத்தில்தான் அடக்கம் செய்தார்கள். ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் கலைந்தபின் வில்ஃப் ஹெஸ்டரிடம் வந்தார்.

"அவளுக்கு இந்தப் பக்கத்து இடத்தை எனக்குச் சொல்லி வச்சுட்டேன். அவ நடுவுல கெடக்கட்டும். அவனுக்கும் எனக்கும் பேச வேண்டியது நெறைய பாக்கி இருக்கு."