இருபுறமும் தீட்டிய கத்தி

படுக்கையில் சாய்ந்தபடி அம்மா இரண்டாவது கத்தியால் கேரட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் பலகை, அதை நழுவாமல் பிடித்தபடி மகள். டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார். இன்றோ நாளையோ என்றிருப்பவள் காலையில் கண் விழித்ததும் கேட்டது கத்தி.

"ஜப்பான் மாடல்னு கடையில வெச்சிருப்பான். அகலமா, முதுகு முனையில வளைஞ்சு இறங்கும். காய், மீன், கறி எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும். ரெண்டு மூணு எடுத்துட்டு வா, நான் பாத்துச் சொல்றேன்."

அழுவதா சிரிப்பதா என்று மகளுக்குத் தெரியவில்லை. அவளை அரித்த கவலையே வேறு. அப்பாவுக்குச் சமையலறை எந்தப் பக்கம் என்றே தெரியாது. வீட்டில் அவருக்கு 'விருந்தாளி' என்று பட்டப்பெயர். கல்யாணமான புதிதில் ஒருநாள் உதவிக்கு வந்து, காயையெல்லாம் கோணல்மாணலாக வெட்டி, விரலையும் வெட்டிக்கொண்டாராம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவளே அம்மாதான். இனி அந்த மனிதருக்கு யார் சமைத்துப் போடுவது? மகள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று அவர் வேறு ஒற்றைக் காலில் நின்றார்.

"இது வேண்டாம்." அம்மா கத்தியைத் தள்ளினாள். "ஒரு பக்கம்தான் தீட்டியிருக்கான். இழுத்துக்கிட்டுப் போகுது."

"முதல் கத்தி கனம்னு சொன்ன. இது இழுக்குதுங்கற. நீ எதுக்கும்மா இடது கையால வெட்டற? வலது கை மரத்துப்போச்சா?"

அம்மா மூன்றாவதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, கூரின் இருபுறமும் பார்த்தாள். பிறகு இடது கையாலேயே அழுத்தினாள். கத்தி நேராக இறங்கியது. விரல் முட்டி பலகையில் இடிக்கவில்லை. அந்த ஒரு துண்டுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இதுதான்," என்றாள். கடைவீதி முழுக்க அலைந்து வீடு திரும்பியவளின் திருப்தி முகத்தில் தெரிந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கிளம்பிய பின், மகள் சமையலறைக்குப் போய்க் கேரட்டை எடுத்து வைத்தாள். புதுக் கத்தியைத் தேடித் திரும்பினால், அது அப்பாவின் கையில் இருந்தது.

"நான் நறுக்கறேன்."

"வேணாம்ப்பா, கையை வெட்டிக்குவீங்க."

அவர் கேட்கவில்லை. முதல் துண்டு விழுந்தது. நேராக விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்குக் கோணலா போச்சே..."

அப்போதுதான் மகள் கவனித்தாள். கத்தி இருந்தது இடது கையில். அப்பா இடது கைக்காரர். பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம்தான். அவள் சுவரில் தொங்கிய அம்மாவின் பழைய கத்தியை எடுத்துக் கூரைத் தடவினாள். வலது கைக்குத் தோதாக ஒரு பக்கம் மட்டுமே தீட்டித் தீட்டித் தேய்ந்திருந்தது.

அம்மாவின் இடது கை மகளுக்கு நினைவு வந்தது. மூச்சு விடவே திணறியவள், படுத்த இடத்திலிருந்தே இத்தனை வருஷத்துக் கேலியைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். கோணல் அவர் கையில் இல்லை என்று கண்டுபிடித்து, தனக்குப் பழக்கமே இல்லாத கையால் அவருக்காக வெட்டிப் பார்த்திருக்கிறாள். எப்பேர்ப்பட்ட மனுஷி!

"வேற என்ன நறுக்கணும்?" என்றார் அப்பா.

மகள் காய்க் கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள். பலகையைப் பிடித்துக்கொள்ள நீண்ட கையை மட்டும் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.