சத்தம் போடாத பெட்டி

சத்தம் போடாத எதையும் மெக்கானிக் நம்பமாட்டார். பட்டறை வாசலில் வண்டி வந்து நிற்கும்போதே அதற்கு என்ன கோளாறு என்று காதாலேயே கண்டுபிடிக்கிற மனுஷன். அவர் வீட்டில் போய் மச்சான் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான் பாருங்கள், சோப்புப் பெட்டி அளவில்!

"அக்காவுக்கு இன்டர்நெட் பாக்க இது போதும் மாமா. கரண்டு இழுக்காது, ஃபேன் கிடையாது, சத்தமே வராது. ஆனா ஒரே நேரத்துல நாலஞ்சு பக்கத்துக்கு மேல திறந்தா திணறிடும். பாத்துட்டு உடனே மூடிடணும்."

மெக்கானிக் கடைசிப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. சத்தமே வராது என்றதிலேயே நின்றுவிட்டார்.

பழைய கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரையும். உள்ளறையில் மனைவி அதைப் போட்டால் பட்டறைவரை கேட்கும். எப்போது உட்கார்ந்தாள், எப்போது எழுந்தாள் என்று ஸ்பானரைக் கீழே வைக்காமலே அவருக்குத் தெரிந்துவிடும். இப்போது மூச்சே இல்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே வந்து, ஓடிவந்த வண்டியின் பானெட்டைத் தொடுவதுபோல் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பாழாய்ப்போனது எப்போதும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

போதாக்குறைக்கு, அவள் ஒரு பக்கத்தையும் திறந்து வைப்பதில்லை. பழையதில் இருபது பக்கம் அப்படியே கிடக்கும். இப்போது இவர் தலையைக் காட்டுவதற்குள் திரை காலி.

"என்ன பாத்துட்டிருந்த?"

"ஒண்ணுமில்லங்க."

இந்த ஒண்ணுமில்லங்க இருக்கிறதே, அதைக் கேட்ட பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை மதியம் அவள் கடைக்குப் போனதும், கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்தார். அவள் என்ன பார்த்தாள் என்று எப்படிப் பார்ப்பது? பெட்டியிடமே கேட்டார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு பக்கத்தைத் திறந்தார். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று. பெட்டி ஆமையாக நகர்ந்தது. பொறுமை போய் மேலும் மேலும் அமுக்கினார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மூட நேரமில்லாமல் எல்லாவற்றையும் கீழே இறக்கி மறைத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினார்.

மூன்று மணிக்கு உள்ளறையில் ஓர் ஆண்குரல் கேட்டது. அவருக்குப் பகீரென்றது. பூனை மாதிரி நடந்து கதவோரம் நின்றார்.

மனைவி நல்ல புடவை உடுத்தித் தலை சீவி உட்கார்ந்திருந்தாள். திரையில் கண்ணாடி போட்ட ஒருவர். "எங்க பள்ளிக்கூட நூலக வேலைக்கு உங்களை ஏன்..." என்று கேட்டவர், திறந்த வாய் மூடாமல் அப்படியே உறைந்துபோனார்.

அட, வேலைக்கான நேர்காணல்! நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. திரை அசையாமல் நிற்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"சார், கேக்குதா சார்?" என்று அவள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். பெட்டி திணறுகிறது என்று புரிந்து, கீழே கிடந்த பக்கங்களை ஒவ்வொன்றாக மேலே எடுத்து மூடினாள். மனைவி என்ன பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்வது எப்படி. மனைவி பொய் சொல்வதற்கான பத்து அறிகுறிகள். மனைவியின் ரகசியத் தொடர்பைப் பிடிக்கச் சுலப வழி. ஒவ்வொன்றும் மூட அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. படிப்பதற்கு அது தாராளமான நேரம். பதினோராவதை மூடியபோது திரையில் கண்ணாடிக்காரர் இல்லை. அழைப்பு முடிந்தது என்று மட்டும் இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். "போன தடவ வேலை கிடைக்கலன்னதும், பட்டறைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க. இந்தத் தடவ கிடைச்ச பிறகு சொல்லலாம்னு இருந்தேன்."

மெக்கானிக் கூனிக்குறுகிப் போனார். "நான் வேணா அவருக்குப் போன் பண்றேன். தப்பு என் மேலதான்னு சொல்லிடறேன்."

"என்ன தப்புன்னு சொல்லுவீங்க?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.