யாகப்புவின் காரில் கிடந்த ஈயச் சுத்தியல்

வள்ளமும் வலையும் வைத்திருந்த குருநகர் யாகப்புச் சம்மாட்டி, மகள் பெர்னடெட் சொந்தக் காரில்தான் கலியாணத்துக்கு வருவாள் என்று பாஷையூர் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார். அவர்கள் நம்பவில்லை. அதற்காகவே கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசி ஒருவரின் வீட்டுக் கொட்டிலில் நின்ற, கம்பிச் சில்லுப் பூட்டிய பழைய காரை வாங்கினார்.

காரோடு அதைத் திருத்தும் ஆயுதப் பெட்டி ஒன்றும் வந்தது. அவரும் மனைவியின் தம்பி சிமியோனும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். கிறீஸ் அடிக்கும் பித்தளைக் குழாயைச் சிமியோன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எனிமாக் குழாய், அத்தான். பிறக்கிராசியாருக்கு மலச்சிக்கல் எண்டு ஊருக்கே தெரியும்.”

அடியில் ஒரு சுத்தியல் கிடந்தது. தலை முழுக்க ஈயம்.

“ஈயத்தாலை ஆணி அடிச்சால் சுத்தியல் எல்லோ நசியும்! எந்த விசரன்ரை வேலை?”

“வெள்ளைக்காரன்ரை, அத்தான்.”

“அப்ப காருக்கில்லை. ஈயமெண்டால் வலைக்குத்தான்.”

அன்றைக்கே அதை உருக்கி, புது வலையின் அடிக்குக் குண்டு வார்த்துக் கட்டினார்கள். நல்ல ஈயம்.

கலியாணத்தன்று காலை, பெர்னடெட் ஏறிய கார் கடற்கரை வீதியில் ஒரு சில்லுக்குக் காற்றுப் போய் நின்றது. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சுவாமியார் யாருக்காகவும் பூசையைப் பிந்தித் தொடங்குபவர் அல்ல. பட்டணத்தில் இருந்து பிடித்து வந்த டிரைவர் மரியரட்ணம் இறங்கிப் பார்த்தார். சில்லின் நடுவே சிறகு வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு.

“சம்மாட்டியார், இதை அடிச்சுத்தான் கழட்டலாம். ஈயச் சுத்தியல் எங்கை?”

யாகப்பு கடலைப் பார்த்தார்.

“இரும்புச் சுத்தியல் காணாதோ?”

“சிறகு உடைஞ்சு போம். ஈயந்தான் வேணும்.”

பலகை வைத்து அடித்தார்கள். பலகை பிளந்தது. சிமியோன் வலைகள் வைக்கும் வாடிக்கு ஓடி, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். குண்டுகள் இருந்த பக்கத்தை ஒரு கொட்டன் தடியில் இறுக்கிச் சுற்றினார்கள். மரியரட்ணம் ஓங்கி அடித்தார். நட்டு அசைந்தது.

சில்லு மாற்றியதும் அவர் சொன்னார்: “வலையையும் ஏத்துங்கோ. இன்னொருக்கால் காத்துப் போனாலும்.”

“ஐயா, மணக்குது,” என்றாள் பெர்னடெட்.

“காலுக்கை வை, பிள்ளை.”

மணி ஓயமுன்னம் கோயில் வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளையின் தாய் மார்கிரட் காரைப் பார்த்தாள், பிறகு உள்ளே குனிந்து பார்த்தாள்.

“புது வலையும் தாறியளோ, சம்பந்தி?”

இது காரின் சுத்தியல் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல யாகப்புவுக்கு வாய் வரவில்லை.

“ஓம். மருமோனுக்குத்தான்.”

அதற்குப் பிறகு காருக்குக் காற்றுப் போனால் பாஷையூருக்கு ஆள் அனுப்புவார்கள். மருமகன் வலையோடு கடலுக்குப் போயிருந்தால், அவன் கரைக்கு வரும்வரை கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.