மூடியில் எழுதியிருந்த தொண்ணூற்றொன்று

டாக்டர் ஃபவ்வாஸ் ஒஹையோவில் இரண்டு வருஷம் படித்தவர். என்ன படித்தார் என்பது எங்கள் சவூதி ஊரான புரைதாவில் ஒருவருக்கும் தெரியாது. எங்கே படித்தார் என்பது தெரியாத ஆள் கிடையாது. போன வருஷம் அமெரிக்காவிலிருந்தே ஒரு டர்போ காரைக் கப்பலில் வரவழைத்தார்.

என் கார் பட்டறைக்கு எதிரே உள்ள பெட்ரோல் பங்கில் முக்பில் ஆறு வருஷமாக வேலை பார்த்தான். ஏமன்காரன். பச்சைக் குழாயில் தொண்ணூற்றொன்று ஆக்டேன் பெட்ரோல், விலை குறைவு. சிவப்பில் தொண்ணூற்றைந்து. எந்த இன்ஜினுக்கு எது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான்.

"டாக்டர், இதுக்குச் சிவப்பு போட்டாத்தான் தாங்கும்" என்றான் முதல் நாளே.

டாக்டர் இறங்கி வந்து டேங்க் மூடியைக் காட்டினார். "இது என்ன நம்பர்?"

"தொண்ணூத்தொண்ணு."

"எழுதினது அமெரிக்க இன்ஜினியர். நீ யாரு?"

"முக்பில், டாக்டர்."

"பச்சையைப் போடு."

பத்து மாசம் போட்டான். ஒவ்வொரு தடவையும் "சிவப்பு போடவா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டான். "பேராசிரியர் பேசுறாரு, கேட்டுக்குங்க" என்பார் டாக்டர், வரிசையில் நிற்பவர்களிடம். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் வெயிலில், ரியாத் சாலையில், நூற்றறுபது வேகத்தில் ஒரு பிஸ்டன் உடைந்தது. முக்பில் பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று டாக்டர் புகார் கொடுத்தார். வேலை போனால் அவனுக்கு இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போய்விடும். பங்க் முதலாளி அபூ நாயிஃப், இன்ஜினைப் பிரித்துப் பார்த்து எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்.

உற்சாகமாகவே எழுதினேன். பெட்ரோல் சுத்தம். அழுத்தினால் முன்கூட்டியே வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்குத்தான் இந்த எண். நாம் போடுவது ஒரே சோதனையின் எண். அமெரிக்காவில் அதைவிடக் கடுமையான இன்னொன்றையும் செய்து, இரண்டுக்கும் சராசரி போடுகிறார்கள், எண் இறங்கிவிடும். அவர்களுடைய தொண்ணூற்றொன்று, நம்முடைய தொண்ணூற்றைந்து. மூடியிலேயே எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் அது இருக்கிறது. முக்பில் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் சொல்லி வந்தான்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"ஆக, இவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

முதலாளி திரும்பினார். "தெரியுமாடா?"

"தெரியும். சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்" என்றான் முக்பில்.

"தப்புன்னு தெரிஞ்சே பத்து மாசம் ஊத்தினியா?"

"அவரு போடச் சொன்னாரு."

"முடியாதுன்னு சொல்றதுதானே?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பீங்க."

"அனுப்பியிருப்பேன்தான். கார் பிழைச்சிருக்குமே."

தண்ணீர் கலந்ததாகவே பேச்சு நின்றிருந்தால், பங்கின் மானத்துக்காகவாவது முதலாளி அவன் பக்கம் நின்று சண்டை போட்டிருப்பார். என் கடிதம் பங்கைக் காப்பாற்றிவிட்டது. இனி அவர் யாருக்காகச் சண்டை போட வேண்டும்?

டாக்டர் இப்போது சிவப்புதான் போடுகிறார். இரண்டு சோதனை, சராசரி என்று வரிசைக்கு வகுப்பும் எடுக்கிறார்.

முக்பில் வெள்ளிக்கிழமை பெட்டியோடு வந்து, ஊருக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டான். நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன்.

"எழுதுறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அண்ணே" என்றான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதச் சொல்லியிருப்பேன்."