கண்ணின் மேல் போட்ட பழி

ஐம்பத்தைந்து வயது வரைக்கும் என் கண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குப் பிறகு செஞ்சியில் பேச வேறு எதுவுமே இல்லாததுபோல் எல்லாரும் அதையே பேசினார்கள். பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில், காந்தி பஜாரில் காய் வாங்கும்போது. "இன்னா ராஜாம்பா, கண்ணு உள்ள போயிடுச்சே, உடம்புக்கு முடியலியா?" முடியாமல் எல்லாம் இல்லை. எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. மூன்று வேளையும் நன்றாகவே சாப்பிடுகிறேன். கண்ணுக்குக் கீழே மட்டும் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்கிய மாதிரி இரண்டு பள்ளம். பள்ளத்தில் கறுப்பு. என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது.

முதலில் எரிச்சலாக வந்தது. "உன் கண்ண நீ பாத்துக்கோ" என்று நாலைந்து பேரைச் சுள்ளென்று கடித்து அனுப்பியிருக்கிறேன். என் வாய் அப்படி, தெருவுக்கே தெரியும். பிறகு கேள்வி கொஞ்சம் மாறியது. என் மகன் சேரனுக்குக் கல்யாணமாகி ஷோபனா வீட்டுக்கு வந்ததும், "உடம்புக்கு முடியலியா" போய்விட்டது. "மருமவ சோறு போடுறாளா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஷோபனா திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். ஐந்து மணிக்கு எழுந்து சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் செய்து, எனக்குத் தனியாக மூடி வைத்துவிட்டு ஏழேகால் பஸ்ஸுக்கு ஓடுவாள். மத்தியானம் போன் பண்ணி "சாப்டீங்களா அத்தை" என்று கேட்காத நாள் கிடையாது. இதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "ஹூம், இன்னாத்த சொல்றது." அதோடு ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

பொய் சொன்னேனா என்றால் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டு மகாலட்சுமி அந்தப் பெருமூச்சைக் கேட்டு என்னை உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, "பாவம்க்கா நீ" என்பாள். உள்ளதைச் சொல்கிறேனே, அது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த எட்டு வருஷத்தில் என்னை ஒருத்தரும் பாவம் என்று சொன்னதில்லை. என் வாயைப் பார்த்தால் யாருக்குச் சொல்லத் தோன்றும்? வாரத்தில் இரண்டு நாளாவது எதிர்வீட்டுக்குப் போய், பெருமூச்சு விட்டு, டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

மகாலட்சுமி வீட்டு வாசலில் இட்லி மாவு விற்கிறாள். அரைக் கிலோ மாவு வாங்கினால் அரைத் தெருவின் கதை சும்மா கிடைக்கும்.

போன கார்த்திகையில் ஷோபனாவின் தங்கை நிலாவுக்கு அவலூர்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் அன்புச்செல்வன், சொந்தமாக உரக்கடை. நிலாவும் அவனும் ஒரே காலேஜில் படித்தவர்கள். நிலாவுக்கு அவனைப் பிடித்துப்போய்த்தான் பேச்சே ஆரம்பித்தது. அப்பா இல்லாத பெண், ஷோபனாதான் படிக்க வைத்தாள். இந்தக் கல்யாணம் நடந்துவிட்டால் போதும் என்று அவள் சாமி ரூமில் நின்று முணுமுணுப்பது எனக்கே கேட்கும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் எப்படி என்று பெண்ணின் ஊரில் விசாரிக்க மாட்டார்கள். அங்கே சொந்தக்காரர்கள், நல்லதைத்தான் சொல்வார்கள். அக்காவைக் கட்டிக் கொடுத்த தெருவுக்கு, யாரென்று சொல்லாமல் வந்து, அவள் மாமியாரை எப்படி வைத்திருக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நிலாவின் ஊரான தொண்டூரில் ஒருத்தரையும் கேட்காமல், மாப்பிள்ளையின் அம்மா நேராக எங்கள் தெருவுக்கு வந்து மாவு வாங்கியிருக்கிறாள்.

நான்கு நாளில் தொண்டூருக்குச் சேதி போனது. மார்கழி கழியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்களாம். மார்கழி கழியட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லாருக்கும் தெரியும். தரகர்தான் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்: மூத்தவள் மாமியாருக்குச் சரியாகச் சோறு போடுவதில்லை, அந்த அம்மாள் கண்ணெல்லாம் குழி விழுந்து கிடக்கிறாள், இதே வளர்ப்புதானே சின்னவளும்.

அன்று சாயங்காலம் ஷோபனா வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, எனக்குத் தோசை வார்த்துப் போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"அத்தை, நான் உங்களுக்கு ஏதாச்சும் கொறை வச்சிருக்கேனா?"

என் வாய் ஊருக்குத்தான் நீளம். அந்த நேரத்தில் உண்மை அதில் வரவில்லை.

"கொறையா? அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் இந்தப் பாழாப்போன கண்ணுதான். பாக்குறவங்க தப்பா நெனச்சிக்கிறாங்க."

அவள் அதை நம்பினாள். என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "அப்ப சரி பண்ணிடலாம் அத்தை" என்றாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாளே ரத்தம் எடுத்தாள். சனிக்கிழமை தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். விழுப்புரத்திலிருந்து வாரத்துக்கு ஒருநாள் வருகிற டாக்டரம்மா, சின்ன வயசு. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, டார்ச் அடித்து, கண்ணைக் கசக்குவேனா, சரியாகத் தூங்குகிறேனா, அம்மாவுக்கு இப்படி இருந்ததா என்று வரிசையாகக் கேட்டார்.

"வயசாக ஆகக் கண்ணுக்குக் கீழ இருக்கிற கொழுப்பு கொறையும்மா. எலும்பும் கொஞ்சம் உள்ள போகும், தோலு மெலிசாயிடும். அதான் பள்ளமாவும் கறுப்பாவும் தெரியுது. உங்களுக்குப் பரம்பரையும் சேந்துக்கிச்சு. ரத்தம் நல்லா இருக்குது. நோயில்ல."

"அப்ப இது போகாதா?" என்று ஷோபனா கேட்டாள்.

"கறுப்பு கொஞ்சம் கொறையும், க்ரீம் எழுதறேன். வெயில்ல கொடை புடிச்சிட்டுப் போகணும், கண்ணைத் தேய்க்கக் கூடாது. பள்ளம் க்ரீமால நிரம்பாது. சென்னையில ஊசி போட்டு நிரப்புவாங்க. அதுவும் நிரந்தரம் கெடையாது, கண்ணுகிட்ட போடறதால பயமும் உண்டு. இவங்களுக்கு எதுக்கு? நல்லாத்தான் இருக்காங்க."

நல்லாத்தான் இருக்காங்க என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஷோபனா சிரிக்கவில்லை. க்ரீம் எத்தனை நாளில் வேலை செய்யும் என்று இரண்டு முறை கேட்டாள்.

அதிலிருந்து தினமும் காலையில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன் என் எதிரில் முக்காலி போட்டு உட்காருவாள். ஃப்ரிட்ஜில் வைத்த ஸ்பூனை எடுத்துக் கண்ணுக்குக் கீழே ஒத்துவாள். மோதிர விரலில் பட்டாணி அளவு க்ரீமைத் தொட்டு, தேய்க்காமல் தட்டித் தட்டி வைப்பாள். அவள் மூச்சு என் முகத்தில் படும். என்னைப் பெற்றவள்கூட என் முகத்தை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு அது சுகமாக இல்லை, வேதனையாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாயெடுப்பேன். அதற்குள் மணி ஏழாகிவிடும்.

எதிர்வீட்டு டீக்குப் போவதை நிறுத்தினேன். மகாலட்சுமி கூப்பிட்டால் முட்டி வலி என்றேன். அவள் அதையும் மருமகள் கணக்கில்தான் எழுதியிருப்பாள்.

தை பிறந்தது. நிலா அவலூர்பேட்டையைத் தவிர வேறு இடம் பார்க்காதீர்கள் என்று அழுததும், ஷோபனாவே அந்த வீட்டுக்குப் போன் பண்ணினாள். "ஒரு தடவ வந்து எங்க அத்தையை நேர்ல பாத்துட்டுப் போங்க. அப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் சரி" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு காலை நான் ஒரு கூத்து பண்ணினேன். பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோர்க்காரன் கொடுத்த ஏதோ ஒரு ட்யூபைக் கண்ணுக்குக் கீழே அப்பிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த சேரன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாம்மா, பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு மிச்சம் இருந்துச்சா?"

ஷோபனா தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு அத்தனையும் துடைத்து எடுத்தாள். "இருக்கிற மாதிரியே இருங்க அத்தை, போதும்" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா மீனம்பாள் பதினோரு மணிக்கு அவலூர்பேட்டை பஸ்ஸில் இறங்கி வந்தாள். கூட யாரும் இல்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். என் கண் அவளுக்கும் இருந்தது. சொல்லப்போனால் என்னுடையதைவிட ஆழம்.

ஷோபனா தண்ணீர் கொடுத்தாள். வறுத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, அதோடு வாழைப்பழமும் வைத்தாள். மீனம்பாள் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து நீட்டினாள். என் ரத்த ரிப்போர்ட், டாக்டர் சீட்டு எல்லாம் அதில் இருந்தது.

"ஹீமோகுளோபின் பன்னெண்டு புள்ளி நாலு. புரோட்டீன், கால்சியம் எல்லாம் நார்மல். சோறு இல்லாத ஒடம்புல இது வராதுங்க. டாக்டரும் எழுதியிருக்காங்க, வயசுனாலதான் இந்தக் கண்ணுன்னு. நீங்களே பாருங்க."

மாமியாருக்குச் சோறு போடுகிறேன் என்பதற்கு லேப் ரிப்போர்ட் காட்டிய மருமகள் இந்தத் தாலுகாவில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மீனம்பாள் ஃபைலைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் கண்ணப் பாரும்மா. எனக்கு யாரு சோறு போடலன்னு சொல்லுவ? எனக்கு இன்னும் மருமவளே வரலியே. கண்ணப் பாத்து நான் எதுவும் முடிவு பண்ணல. எதிர்ல மாவு விக்கிற அம்மாவக் கேட்டேன். மாமியாரே வந்து ஒக்காந்து பெருமூச்சு வுட்டுட்டுப் போறாங்கன்னு சொன்னாங்க. கண்ணு பொய் சொல்லலாம், அந்தம்மா ஏன் பெருமூச்சு வுடப் போறாங்க?"

ஷோபனா என் பக்கம் திரும்பினாள். சேரனும் திரும்பினான்.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வழி இருந்தது. மகாலட்சுமி இல்லாததைச் சொல்கிறவள், அவள் வாயில் வராத கதையா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் நம்புவார்கள். நிலாவின் கல்யாணமும் நடந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கண்ணின் மேல் போட்ட பழி போதாதென்று இன்னொருத்தி மேலும் போடுவதா என்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

"அவ சொன்னது நெசந்தாங்க" என்றேன். "நாந்தான் பெருமூச்சு வுட்டேன். சோறு போடலன்னு நான் சொல்லல. போடுறான்னும் சொல்லல. கேக்குறவங்க பாவம்னு சொன்னாங்க, எனக்கு அது நல்லா இருந்துச்சு. அதுக்காகச் சும்மா இருந்துட்டேன். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. இவ எனக்குப் பண்றத நான் பெத்ததுகூடப் பண்ணாது."

சேரன் தலையைக் குனிந்துகொண்டான். மீனம்பாள் ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் மருமவ வரப்போறா. நானும் வாயப் பாத்து வச்சிக்கணும்" என்றாள். "பன்னெண்டாந்தேதி தட்டு மாத்திக்கலாமா? ஒங்க அம்மாவ ஒரு வார்த்த கேட்டுச் சொல்லும்மா."

ஷோபனா சரி என்று தலையாட்டினாள்.

மீனம்பாளை பஸ் ஏற்றிவிட சேரன் கூடப் போனான். வீட்டில் நாங்கள் இருவர்தான். ஷோபனா தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கண்ணுதான்னு சொன்னீங்களே அத்தை" என்றாள், குழாயைத் திறந்துவிட்டு. "ரெண்டு மாசமா நான் தூங்கல. க்ரீம் வேல செய்யலியே, செய்யலியேன்னு."

அவள் இந்தப் பக்கம் திரும்பியபோது ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. இரண்டு மாதமாகத் தினமும் ஒரு சாண் தூரத்தில் என் எதிரில் இருந்த முகம். நான் அதைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு என் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். முப்பத்தொரு வயசுக்காரி. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்துக் கிடந்தது. அது வயசும் இல்லை, பரம்பரையும் இல்லை.

"நீ போய்ப் படும்மா" என்றேன்.

"சாமான் கெடக்குது."

"நான் கழுவுறேன். போ."

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. களைத்துப் போயிருந்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள். நான் ரூம் கதவைச் சாத்திவிட்டு, சாமான்களை வாசல் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்க்க உட்கார்ந்தேன். வெயில் ராஜகிரி மலைப் பக்கம் சாய்ந்திருந்தது. எதிர்வீட்டிலிருந்து மகாலட்சுமி எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் மாவுக் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"இன்னாக்கா இது, நீ சாமான் தேய்க்கிற? ஞாயித்துக்கிழமதானே, மருமவ எங்க?"

"தூங்குறா."

"இந்நேரத்துலயா? பாவம்க்கா நீ."

"நான் ஒண்ணும் பாவமில்ல மகாலட்சுமி. என்னாலதான் அந்தப் பொண்ணு ரெண்டு மாசமா தூங்கல. இப்பதான் கண்ண மூடியிருக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசு."